நெய்யா, டால்டாவா? ஒரு மஞ்சள் டின்னின் கதை

இன்றைய பிள்ளைகளிடம் டால்டா என்று சொன்னால் விழிக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய நமக்கோ அந்தப் பெயரைக் கேட்டதும் மஞ்சள் டின்னும் அதன் மேல் போட்ட பச்சைப் பனைமரமும் கண் முன்னால் வந்துவிடும். உள்ளே இருந்தது பத்து நாளில் தீர்ந்துவிடும். டின் பத்து வருஷம் ஆனாலும் தீராது. ரவை, துவரம்பருப்பு, மிளகாய் வற்றல் எல்லாம் அதில்தான். மூடி போனால் துளசிச் செடி, ஓட்டை விழுந்தால் கோழிக்குத் தீவனம், கைப்பிடி வைத்துப் பற்றவைத்தால் குளியலறையில் மொள்ளும் குவளை.

இந்த டின்னைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் எல்லோரும் டால்டாவைக் குறை சொன்னார்கள், எல்லோரும் வாங்கவும் செய்தார்கள். ஒரு பொருளைப் பற்றி நம் மனசில் ஒரு எண்ணம் எப்படி விழுகிறது, அந்த எண்ணம் கையைக் கட்டுப்படுத்துகிறதா, இல்லை கை ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமும் போகிறதா என்று பார்ப்பதற்கு டால்டாவை விட நல்ல உதாரணம் நம் வாழ்நாளில் கிடையாது. நான் வேதியியல் வாத்தியாராக இருந்தவன். இந்தப் பொருளைப் பல வருஷம் சோதனைக் குழாயிலும் பார்த்திருக்கிறேன், பந்தியிலும் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் கெட்டியான கதை

எண்ணெய் சாதாரண வெப்பத்தில் திரவமாக இருக்கும். நெய்யும் வெண்ணெயும் உறையும். எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் என்ற உலோகத்தின் பொடியைப் போட்டு, அதற்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் எண்ணெயும் உறைந்துவிடும் என்று கண்டுபிடித்தவர் வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானியர். 1902-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1911-இல் அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெயை இப்படி உறைய வைத்து 'கிரிஸ்கோ' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பன்றிக் கொழுப்பில் சமைத்துப் பழகிய அமெரிக்கப் பெண்களை இதற்கு மாற்ற, சமையல் குறிப்புப் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்தார்கள்.

இந்தியாவுக்கு இது முதலில் ஹாலந்திலிருந்து கப்பலில் வந்தது. பிறகு லீவர் நிறுவனத்தார் 1931-இல் இந்துஸ்தான் வனஸ்பதி உற்பத்திக் கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கிப் பம்பாயில் தொழிற்சாலை போட்டார்கள். அதற்கு முன்பு இறக்குமதி செய்து விற்றவர்களின் சரக்குக்கு 'டாடா' என்று பெயர் இருந்தது என்றும், லீவர் தங்கள் பெயரின் முதல் எழுத்தான 'எல்'லை அதன் நடுவில் நுழைத்ததால் 'டால்டா' ஆனது என்றும் சொல்வார்கள். 1937 முதல் அந்தப் பெயர் நாட்டில் வழங்குகிறது.

பொருள் தயார். ஆனால் வாங்க ஆள் வேண்டுமே! நெய் சாப்பிட்டுப் பழகிய நாட்டில், மாட்டையே பார்க்காத நெய்யை யார் வாங்குவார்கள்? இந்த இடத்தில்தான் விளம்பரக்காரர்கள் புகுந்தார்கள். டால்டா டின் வடிவத்திலேயே உருளையாக ஒரு வண்டியைச் செய்து தெருத்தெருவாக ஓட்டினார்கள். சினிமாக் கொட்டகையில் சின்னப் படம் காட்டினார்கள். கடைத்தெருவில் அடுப்பு மூட்டி, சனங்களின் கண் முன்னாலேயே பலகாரம் பொரித்துக் கையில் கொடுத்தார்கள். படிக்கத் தெரியாதவர்களும் அடையாளம் கண்டுகொள்ளத்தான் மஞ்சளும் பனைமரமும். வீட்டுக்குச் சின்ன வட்ட டின், ஓட்டலுக்கும் கல்யாணத்துக்கும் பெரிய சதுர டின்.

பொருளையும் நெய் மாதிரியே இருக்கும்படி செய்தார்கள். நெய் போலவே மணல் மணலாக உறையும், நாக்கில் பட்டதும் கரையும். டால்டாவின் பலமும் அதுதான், பின்னால் அதற்கு வந்த பழியும் அதுதான்.

நம் பக்கத்து மல்லாட்டை

வெளியூர்க்காரர்கள் நிலக்கடலை என்பார்கள். நமக்கு அது மல்லாட்டை. தென்னாற்காட்டு மல்லாட்டை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சில் உள்ள மார்செய்க்குப் போனது. அங்கே எண்ணெய் ஆட்டினார்கள், சோப்பு காய்ச்சினார்கள். டால்டா வந்த பிறகு, முதல் சில பத்தாண்டுகளில் வனஸ்பதிக்கு முக்கியமான மூலப்பொருளே கடலை எண்ணெய்தான்.

யோசித்துப் பாருங்கள். நம் கொல்லையில் விளைந்த மல்லாட்டையின் எண்ணெயை ஊர்ச் செக்கில் ஆட்டி வாங்கினால் அது எண்ணெய். அதே மாதிரி எண்ணெயை ஆலைக்கு அனுப்பி, உறைய வைத்து, டின்னில் அடைத்துக் கொண்டுவந்தால் அது நெய்க்குத் தம்பி. அதிக விலை கொடுத்து வாங்குகிறோம். எண்ணெயில் பொரித்தால் 'எண்ணெய்ப் பலகாரம்', டால்டாவில் பொரித்தால் 'நெய்ப் பலகாரம் மாதிரி'. அந்த 'மாதிரி' என்ற சொல்லுக்குத்தான் காசு.

பந்தியில் ஒரு விரல்

நெய் வெறும் சாப்பாட்டுப் பொருள் மட்டும் அல்ல, மரியாதையும்கூட. இலையில் பருப்புக்கு மேல் ஊற்றும் நெய்யின் அளவை வைத்தே 'நன்றாகச் செய்தார்கள்', 'இழுத்துப் பிடித்தார்கள்' என்று சம்பந்தி வீட்டைப் பற்றித் தீர்ப்பு எழுதுவார்கள்.

1978-இல் என் தங்கைக்குக் கல்யாணம். சமையல்காரர் அப்பாவிடம் சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்தார். அதில் நெய் 3 கிலோ என்றும், அதற்குக் கீழே சற்றுச் சின்ன எழுத்தில் டால்டா 2 டின் என்றும் இருந்தது. அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, பூந்தி பொரிக்கறதுக்கு டால்டா, பாகுல கடைசியா நெய். வாசனை நெய்யாத்தான் இருக்கும். எல்லாக் கல்யாணத்துலயும் இதான் வழக்கம்" என்றார் அவர். அப்பாவின் கையிருப்புக்கு அதுதான் முடியும். சரி என்றார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் லட்டை எடுத்தார். விண்டு வாயில் போடவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார், முகர்ந்தார். பக்கத்து இலைக்குக் கேட்கும்படி, "டால்டா வாசனை அடிக்குதே, சம்பந்தி" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு உள்ளே போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பல வருஷம் பேச்சு வந்தது. இரண்டு வருஷம் கழித்து அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்துக் கொல்லைப்புறத்தில் கை கழுவப் போன அம்மா திரும்பி வந்து அப்பாவின் காதில் சொன்னது: "அங்க மூணு டின்னு இருக்கு."

டால்டாவின் சரித்திரமே இந்த இரண்டு காட்சியில் அடங்கிவிடும். வாங்காதவர் யாரும் இல்லை, வாங்கியதாக ஒப்புக்கொண்டவரும் யாரும் இல்லை. டின் எப்போதும் கொல்லைப்புறத்தில்தான் இருக்கும்.

மனுஷ மனசு எங்கேயும் ஒன்றுதான். 1950-இல் அமெரிக்காவில் மேசன் ஹேர் என்ற உளவியல் அறிஞர் ஒரு வேடிக்கையான ஆராய்ச்சி செய்தார். அப்போது உடனடிக் காப்பித்தூள் புதிது. பிடிக்கவில்லை என்ற பெண்களிடம் காரணம் கேட்டால் ருசி சரியில்லை என்றார்கள். அவருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. இரண்டு மளிகைப் பட்டியல் தயார் செய்தார். எல்லாச் சாமானும் ஒன்றே. ஒரு பட்டியலில் மட்டும் வடிகட்டிப் போடும் காப்பித்தூள், மற்றதில் உடனடிக் காப்பித்தூள். ஐம்பது பெண்களிடம் ஒரு பட்டியலையும், வேறு ஐம்பது பேரிடம் மற்றதையும் கொடுத்து, இந்தப் பட்டியலை எழுதிய குடும்பத்தலைவி எப்படிப்பட்டவர் என்று கேட்டார். உடனடிக் காப்பி எழுதியிருந்தவரைக் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சோம்பேறி என்றார்கள். மற்றவரை அப்படிச் சொன்னவர்கள் மிகச் சிலரே.

ஆகப் பிரச்சினை ருசியில் மட்டும் இல்லை. 'இதை வாங்கினால் நான் யார் ஆவேன்?' என்பதும் உள்ளே இருந்தது. டால்டா வாங்கினால் சோம்பேறி என்று நம் ஊரில் சொல்லமாட்டார்கள், 'இல்லாதவர்' என்பார்கள். இல்லாதவர் என்று பெயர் எடுப்பதை விட, கடன் வாங்கி நெய் ஊற்றியவர்கள் எத்தனை பேர்!

நிறம் பூசச் சொன்ன சண்டை

டால்டாவின் மீது வந்த முதல் பெரிய எதிர்ப்பு உடல்நலத்தைப் பற்றியதைவிட ஏமாற்றைப் பற்றியதுதான். வனஸ்பதியை நெய்யில் கலந்து நெய் விலைக்கு விற்றார்கள். காந்திஜி 'ஹரிஜன்' இதழில் வனஸ்பதியை எதிர்த்து எழுதினார். சுதந்திரம் கிடைத்த பிறகு, பண்டிட் தாகூர் தாஸ் பார்கவா என்ற உறுப்பினர் வனஸ்பதியைத் தடை செய்யவே நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். தடை வரவில்லை. மலிவான கொழுப்பு வேண்டும் என்ற கோடிக்கணக்கான வீடுகளும், ஆலைகளும், எண்ணெய் வித்து வியாபாரமும் மறுபக்கத்தில் இருந்தன.

தடை முடியாவிட்டால் நிறமாவது சேருங்கள் என்றார்கள். வனஸ்பதிக்கு ஏதாவது ஒரு நிறம் இருந்தால் நெய்யில் கலக்க முடியாது அல்லவா? நல்ல யோசனைதான். ஆனால் சூட்டில் மங்காத, யாரும் எளிதில் நீக்க முடியாத, உடம்புக்குக் கெடுதல் செய்யாத நிறம் ஒன்று கிடைக்கவில்லை. பல வருஷம் பேசியும் அது நடக்கவே இல்லை.

இதே சண்டை வெளிநாட்டிலும் நடந்தது. வெண்ணெய்க்குப் போட்டியாக மார்கரின் வந்தபோது, 1886-இல் அமெரிக்க அரசு அதற்குத் தனி வரி போட்டது. மஞ்சள் நிறம் சேர்த்தால் 1902 முதல் இன்னும் கூடுதல் வரி. ஆகவே கம்பெனிக்காரர்கள் வெள்ளையாகவே விற்று, கூடவே சாயத்தைத் தனியாகக் கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் கையால் பிசைந்து மஞ்சளாக்கினார்கள். பிசைந்தவருக்கு அது வெண்ணெய் இல்லை என்று தெரியும். ஆனாலும் மஞ்சளாக இருந்தால்தான் ரொட்டியில் தடவ மனசு வரும். கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் மஞ்சள் மார்கரினுக்கு இருந்த தடை 2008-இல்தான் நீங்கியது.

நம் நாட்டில் நிறத்துக்குப் பதில் வேறு ஒரு தந்திரம் செய்தார்கள். வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்கு நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று விதி போட்டார்கள். கண்ணுக்குத் தெரியாது, வாய்க்கும் தெரியாது. ஆனால் ஆய்வகத்தில் தெரியும். உருக்கிய நெய்யோடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கி வைத்தால், நல்லெண்ணெய் இருக்கும் பட்சத்தில் அடியில் நிற்கும் அமிலம் ரோஜா நிறமாக மாறும். போடுவான் சோதனை என்று இதற்குப் பெயர். நம் நல்லெண்ணெய் டால்டாவுக்குள் ஒளிந்திருந்து சாட்சி சொன்னது!

இந்தச் சோதனையை நான் வருஷா வருஷம் செய்து காட்டுவேன். வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன் நெய் கொண்டுவரச் சொல்வேன். ஒரு வருஷம் இரண்டு பையன்கள் கொண்டுவந்தது நினைவில் இருக்கிறது. ஒருவன் வீட்டில் இரண்டு எருமை. அவன் அம்மா வெண்ணெய் காய்ச்சித் தெருவில் விற்பவர். அவன் கொண்டுவந்த நெய் நிறம் மாறாமல் நின்றது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இன்னொருவன் வசதியான வீட்டுப் பிள்ளை. 'சுத்தமான பசு நெய்' என்று கடையில் வாங்கியது. நல்ல ரோஜாப்பூ நிறம் வந்தது.

அடுத்த வாரம் அவன் அப்பாவே என்னைப் பார்க்க வந்தார். "சார், மூணு வருஷமா அந்த நெய்யத்தான் சாப்பிடறோம். பிரமாதமா இருக்குன்னு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தேன். இப்ப வாயில வெக்க முடியல" என்றார். நெய் அதே நெய்தான், நாக்கும் அதே நாக்குதான். சோதனைக் குழாயில் வந்த ஒரு நிறம் அவருடைய மூன்று வருஷ ருசியை அழித்துவிட்டது. பிறகு அவர் யாரிடம் நெய் வாங்கினார் தெரியுமா? எருமை வைத்திருந்த அந்தப் பையனின் அம்மாவிடம்தான்.

வரிசையில் நின்ற காலம்

1973, 74 வாக்கில் எண்ணெய்க்கும் தட்டுப்பாடு, டால்டாவுக்கும் தட்டுப்பாடு. ஆளுக்கு இவ்வளவுதான் என்று கடைக்காரர் அளந்து கொடுத்தார். இத்தனை நாள் டால்டா என்றால் முகம் சுளித்தவர்கள் எல்லாம் பையோடு வரிசையில் நின்றார்கள். கிடைக்காது என்று ஆனதும் அதற்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. தெரிந்தவர் மூலம் ஒரு டின் கிடைத்தால் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். நெய்யோடு வைத்துப் பார்க்கும்போது மட்டமாகத் தெரிந்த சாமான், இல்லாமையோடு வைத்துப் பார்க்கும்போது உயர்வாகத் தெரிந்தது.

1983-இல் நேர் எதிராக ஒன்று நடந்தது. இறக்குமதியான மாட்டுக் கொழுப்பை வனஸ்பதியில் கலக்கிறார்கள் என்று வடநாட்டில் பெரும் புகார் எழுந்து, நாடாளுமன்றம் வரைக்கும் அமளி ஆனது. அரசு அந்தக் கொழுப்பின் இறக்குமதியையே தடை செய்தது. புகாருக்கு ஆளானவர்கள் சில தயாரிப்பாளர்கள்தான். ஆனால் சந்தேகம் எல்லா டின்னையும் தொட்டுவிட்டது. நாற்பது வருஷமாக விளம்பரம் கட்டி எழுப்பியதை ஒரு செய்தி ஆட்டி வைத்தது. நம் தெருவில்கூடச் சில வீடுகளில் அன்றோடு டால்டா நின்றது.

கடைசியில் வந்த உண்மை

அதற்குப் பிறகு வந்தது டாக்டர்களின் காலம். கொலஸ்டிரால் என்ற சொல் நம் வாயில் புகுந்தது. நெய் கெட்டது, டால்டா கெட்டது, தேங்காய் எண்ணெய் கெட்டது, சூரியகாந்தி ரீஃபைண்ட் ஆயில் ஒன்றே நல்லது என்று கேன் கேனாக வாங்கினோம். பந்தியில் மரியாதையாக இருந்த நெய்யைக் கையால் மறைத்து, "வேணாம், சுகர், பிரஷர்" என்று சொல்வதே படித்தவர்களின் அடையாளம் ஆனது.

டால்டாவில் இருந்த உண்மையான கெடுதல் என்ன என்பது அதன் பிறகுதான் துலக்கமானது. எண்ணெயை அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு என்று ஒன்று உண்டாகிறது. 1990-இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள், அது கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டுவதோடு நல்லதைக் குறைக்கவும் செய்கிறது என்று காட்டினார்கள். இதயத்துக்கு இரண்டு பக்கமும் அடி. 2003-இல் டென்மார்க் முதலில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதே வருஷம்தான் இங்கே டால்டாவைப் பழைய முதலாளிகள் பங்கே கம்பெனிக்கு விற்றார்கள். நம் நாட்டில் எண்ணெயிலும் கொழுப்பிலும் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நார்மன் காப்புரிமை வாங்கி 120 வருஷம் ஆகிவிட்டது!

என் மனசை உறுத்துவது இதுதான். ஐம்பது வருஷம் டால்டாவைத் திட்டினோம். போலி என்றோம், ஏழை நெய் என்றோம், வாசனை இல்லை என்றோம். திட்டியதற்குச் சொன்ன காரணங்களில் பெரும்பாலானவை கௌரவம் சம்பந்தப்பட்டவை. நிஜமான காரணம் யாருக்கும் தெரியாது. ஆதரித்தவர்களும் அப்படியே. மரத்திலிருந்தும் செடியிலிருந்தும் வந்தது, வைட்டமின் சேர்த்தது, சுத்தமானது என்று நம்பி வாங்கினார்கள். வைட்டமின் ஏ சேர்த்தது உண்மைதான், அது சட்டப்படி கட்டாயமாகவே இருந்தது. ஆனால் நெய் வாங்க வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் டிரான்ஸ் கொழுப்பு அதிகமாகப் போய்ச் சேர்ந்தது. வசதியான வீட்டில் நெய் ஊற்றியது உடல்நல அறிவால் அல்ல, அந்தஸ்துக்காக. அந்த அந்தஸ்து அவர்களைத் தற்செயலாகக் காப்பாற்றியது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது காற்று மறுபடி திரும்பிவிட்டது. கடைத்தெருவில் 'மரச்செக்கு எண்ணெய்', 'நாட்டுப் பசு நெய்' என்று பலகைகள். ரீஃபைண்ட் ஆயிலைக் கண்டால் என் பேரன் தலைமுறை முகம் சுளிக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் இன்றைய எண்ணமும் அன்றைய எண்ணத்தைப் போலவே பெரும்பாலும் காதில் விழுந்ததால் வந்தது. 'செக்கு' என்ற சொல்லுக்கும் மண்பானைப் படத்துக்கும் நாம் கொடுக்கும் கூடுதல் விலையைப் பார்க்கும்போது, மஞ்சள் டின்னும் பனைமரமும் எனக்கு நினைவுக்கு வருகின்றன. பலகையில் செக்கு என்று எழுதினால் போதுமா, உள்ளே இருப்பது என்ன என்று யார் பார்க்கிறார்கள்?

டிவியில் சொன்னதை நம்பாதே என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். சம்பந்தி சொன்னதையும், பக்கத்து வீட்டார் சொன்னதையும், வாட்ஸப்பில் வந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது சின்ன யோசனைதான். அடுத்த முறை பிஸ்கட்டோ, பஃப்ஸோ, எண்ணெயோ வாங்கும்போது மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். வனஸ்பதி என்றோ, ஹைட்ரஜன் ஏற்றிய கொழுப்பு என்றோ, டிரான்ஸ் கொழுப்பு இத்தனை கிராம் என்றோ அங்கே எழுதியிருக்கும். முன்பக்கம் நம் மனசுக்காக எழுதியது. பின்பக்கம் இருப்பதுதான் வயிற்றுக்குப் போகிற சங்கதி.